பழைய ஸ்வெட்டர் பேட்டர்னை இன்றைய அளவுக்கு மாற்றுவது எப்படி?

குமரி மாவட்டத் தக்கலையில் உட்கார்ந்துகொண்டு கம்பளி ஸ்வெட்டர் பின்னுகிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். மின்விசிறி நின்றால் உள்ளங்கை வியர்க்கும் ஊர் இது. ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகள் நர்ஸ் வேலைக்குக் குளிர்நாடுகளுக்குப் போவது புதிதல்ல. என் மகளுக்கு அயர்லாந்தில் வேலை உறுதியானதும், அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய ஆங்கிலப் பேட்டர்ன் (பின்னல் செய்முறை) தாளை எடுத்தேன். உடம்பு முழுக்கச் சிறு சிறு ஓட்டைப் பூ, நீளக்கை, கழுத்தை ஒட்டிய ரிப் (இழுபடும் வரிப் பின்னல்). அம்மா அதைப் பார்த்துப் பின்னிய ஸ்வெட்டரின் ஒரு கை மட்டும் இன்னும் வீட்டில் இருக்கிறது. அழகென்றால் அழகு.

தாளில் இருந்த அளவு 34 அங்குல மார்புக்கு. மகளுக்கு 38. நான்கு அங்குலத்துக்கான கண்ணிகளை, அதாவது ஊசியில் விழும் வளையங்களை, கூட்டிப் போட்டால் முடிந்தது என்று நினைத்து முதுகுப் பகுதியை முழுதாகப் பின்னினேன். தோள் முழங்கையை நோக்கி வழிந்தது. கை வந்து இணையும் கைக்குழியோ அக்குளைக் கவ்வியது. மூன்று வார வேலையை ஒரே மாலையில் பிரித்துப் பந்தாகச் சுற்றினேன். அந்த மூன்று வாரம் உங்களுக்கு மிஞ்சட்டும்.

கண்ணி போட, நேராகவும் மறுபக்கமாகவும் பின்ன, கூட்ட, குறைக்க, அடைக்கத் தெரிந்திருந்தால் போதும். கணக்கு, பெருக்கலும் வகுத்தலும்தான்.

1. தாளைக் காப்பாற்றுங்கள்

பழைய தாள் மடிப்பில்தான் முதலில் கிழியும். மடிப்பில்தான் எண்களும் இருக்கும். விரித்துவைத்து ஏ3 அளவில் பெரிதாக்கி மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பென்சிலால் கிறுக்க, ஒன்று இறுதிக் கணக்கை எழுத, ஒன்று பத்திரமாக. எனக்கு 20 ரூபாய் ஆனது. அசலை மறுபடி பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

பிறகு ஒரு கோடு போட்ட நோட்டு. அதில் நான்கு பக்கங்களை ஒதுக்குங்கள்: தாளில் உள்ள அளவு, ஆளின் அளவு, மாதிரித் துண்டின் கணக்கு, நூல் சீட்டு. நூல் பந்தைச் சுற்றியிருக்கும் சீட்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். பாதியில் நூல் தீர்ந்துபோனால் அந்தச் சீட்டைத்தான் தேடுவீர்கள்.

2. தாளின் மொழியை மாற்றுங்கள்

பழைய தாளில் ஊசி அளவு மில்லிமீட்டரில் இருக்காது, வெறும் எண்தான். இந்தப் பிரிட்டிஷ் எண் கூடக்கூட ஊசி மெலியும். 7 என்றால் 4.5 மி.மீ., 8 என்றால் 4, 9 என்றால் 3.75, 10 என்றால் 3.25, 11 என்றால் 3, 12 என்றால் 2.75, 13 என்றால் 2.25.

பொறி இங்கேதான். அமெரிக்க எண் இதற்கு நேர் எதிராகப் போகும். எண் கூடினால் ஊசி தடிக்கும். அமெரிக்க 10 என்பது 6 மி.மீ. நம் தாளின் 10-ஐ அமெரிக்க எண் என்று நினைத்து ஊசி வாங்கினால் ஸ்வெட்டருக்குப் பதில் வலைதான் கிடைக்கும், குளச்சல் மீனவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். இணையத்தில் ஊசி வாங்கும்போது எண்ணை விட்டுவிட்டு மி.மீ. மட்டும் பாருங்கள்.

நூல் எடை அவுன்ஸில் இருக்கும். ஒரு அவுன்ஸ் 28.35 கிராம். என் தாளில் '4 பிளை (மெல்லிய நூல் வகை), 8 அவுன்ஸ்' என்று இருந்தது; ஏறக்குறைய 227 கிராம்.

குரோஷா தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கழுத்து ஓரத்தைக் குரோஷாவில் முடிக்கச் சொல்லும் பிரிட்டிஷ் தாளில் 'டபுள் குரோஷா' என்றிருந்தால், அது அமெரிக்க முறையின் 'சிங்கிள் குரோஷா'. இதைத் தெரியாமல் போட்ட ஓரம் இரண்டு மடங்கு உயரத்தில் நிமிர்ந்து நிற்கும்.

3. உடம்பை அளப்பதோடு, பிடித்த உடையையும் அளந்துகொள்ளுங்கள்

சுடிதார் மேல் டேப்பைச் சுற்றி எடுத்த அளவு எனக்கு ஒன்றரை அங்குலம் பொய் சொன்னது. மெல்லிய உள்ளாடை மேல் அளக்க வேண்டும். வேண்டிய அளவுகள்: மார்புச் சுற்று, முதுகில் தோள் முனையிலிருந்து தோள் முனை வரை, மேற்கைச் சுற்று, மணிக்கட்டு, அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை, அக்குளிலிருந்து உடை முடியும் இடம் வரை, தலைச் சுற்று. தலைச் சுற்று எதற்கு என்று நானும்தான் கேட்டேன். 7-ஆம் படியில் சொல்கிறேன்.

அடுத்து, அணிபவருக்குப் பிடித்த ஒரு பனியன் துணிச் சட்டையைத் தரையில் மடிப்பில்லாமல் விரித்து அதையும் அளந்துகொள்ளுங்கள். எவ்வளவு தளர்வு அவருக்குப் பிடிக்கும் என்பதை அந்தச் சட்டை சொல்லிவிடும். என் மகளின் உடம்பு 38, அவள் விரும்பிப் போடும் சட்டை 41. ஆகவே 3 அங்குலத் தளர்வு. பழைய தாளிலோ 34 அங்குல உடம்புக்கு உடையும் 34-க்குச் சற்று மேலேதான் வருகிறது; அதாவது தளர்வே இல்லை. அந்தக் காலத்து ஸ்வெட்டர் உடம்போடு ஒட்டி, இடுப்பிலேயே நின்றுவிடும். 'அம்மா, இதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் வயிறு தெரியும்' என்று மகள் சொன்னது கேலி இல்லை, உண்மை.

4. மாதிரித் துண்டு: பின்னி, துவைத்து, பிறகு அளந்து

இந்த ஒரு படியைத் தாண்டிப்போக யாருக்கும் ஆசை வரும். நானும் தாண்டினேன்.

வலை பின்னுபவர்கள் கண் எல்லாம் ஒரே அளவில் விழுவதற்காகக் கையில் ஒரு சிறு மரச்சட்டம் வைத்துக்கொள்வார்கள். நமக்கு அந்தச் சட்டம் ஊசிதான். ஆனால் ஊசி ஒன்றாக இருந்தாலும் கை வேறு. என் கண்ணி அம்மாவின் கண்ணியைவிடத் தளர்வு. அதனால் தாள் சொல்லும் 'ஒரு அங்குலத்துக்கு 7 கண்ணி, 9 வரிசை' உங்கள் கையில் வருகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஸ்வெட்டருக்கு வாங்கிய அதே நூலில், அதே பூவில், 6 அங்குலச் சதுரம் பின்னுங்கள். வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, துண்டில் சுருட்டி ஒற்றி, இழுக்காமல் விரித்துக் காயவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு நடுவில் 4 அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ணி நான்கால் வகுங்கள். ஓரத்தில் எண்ணாதீர்கள், ஓரக் கண்ணி எப்போதும் ஏமாற்றும்.

எனக்கு 10-ஆம் எண் ஊசியில் துவைப்பதற்கு முன் அங்குலத்துக்கு 7 கண்ணி. துவைத்த பிறகு ஆறரை. அரைக் கண்ணிதானே என்று விட்டிருந்தால், 41 அங்குலத்துக்குக் கணக்குப் போட்ட உடம்பு 44-ஐத் தாண்டியிருக்கும். 11-ஆம் எண் ஊசிக்கு மாறினேன். துவைத்த பின்னும் 7 நின்றது. ரிப்புக்கு 12-க்குப் பதில் 13.

இரண்டு மாதிரித் துண்டுகளுக்கும் சேர்த்து ஒரு வாரம் ஆனது. ஆடி மாதம், சாரலில் ஒரு துண்டு காய மூன்று நாள்.

5. அகலம்: பூவைக் கெடுக்காமல் கூட்டுவது

முதுகுப் பகுதியின் கணக்கை அப்படியே தருகிறேன். உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேண்டிய முழுச் சுற்று 41. பாதி 20½. அங்குலத்துக்கு 7 வீதம் 143½. தைப்புக்கு இருபக்கமும் ஒவ்வொரு கண்ணி. ஆக 145½.

இப்போது பூவைப் பாருங்கள். என் தாளில் ஒரு பூவுக்கு 6 கண்ணி, ஓரங்களுக்கு 2. அதாவது மொத்தம் ஆறின் மடங்கோடு இரண்டு என்று வர வேண்டும். 24 பூ, 144, கூட 2: 146. தாளில் மார்புப் பகுதியில் இருந்தது 122, அதாவது 20 பூ. நான்கு பூ கூடுகிறது, அவ்வளவுதான். கணக்கில் வரும் எண் பூவுக்குப் பொருந்தாவிட்டால் பக்கத்தில் இருக்கும் பொருந்தும் எண்ணுக்குப் போங்கள். அரைப் பூ ஓரத்தில் தொங்கினால் தைக்கும்போது கண்ணை உறுத்தும்.

பழைய தாள் இடுப்பில் 110 கண்ணி போட்டு, ரிப் முடிந்து, மேலே போகப்போக 122 ஆகக் கூட்டச் சொல்கிறது. அந்த இடுப்புப் பிடிப்பு இன்றைக்கு யாருக்கும் வேண்டாம். 146 கண்ணியையும் தொடக்கத்திலேயே போட்டு நேராகப் பின்னிவிடுங்கள்.

6. தோளும் கைக்குழியும்

நான் தோற்ற இடம் இதுதான். சற்று நிதானமாகப் படியுங்கள்.

மார்பு பெருத்தால் தோளும் அதே அளவு அகலும் என்று நினைப்பது தவறு. எலும்பு அப்படி வளர்வதில்லை. தாளின்படி உடம்பு 34-க்குத் தோள் அகலம் 92 கண்ணி, சுமார் 13 அங்குலம். மகளுக்கு அளந்தது பதினான்கரை. மார்பில் உடை 7 அங்குலம் கூடும்போது தோளில் கூடுவது ஒன்றரைதான். பதினான்கரையை ஏழால் பெருக்கி, பூவுக்குச் சரிசெய்தால் 104 கண்ணி.

146-லிருந்து 104-க்கு வர 42 கண்ணி போக வேண்டும், பக்கத்துக்கு 21. பழைய தாளில் பக்கத்துக்கு 15தான்: முதலில் 6 அடைத்து, பிறகு ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் 9 முறை குறைப்பு. நான் மாற்றியது இப்படி: முதலில் 8 அடைப்பு, அடுத்து ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றாக 5 முறை, பிறகு ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் 8 முறை. எட்டும் ஐந்தும் எட்டும் இருபத்தொன்று. முதல் அடைப்பு ஆழமாகவும் பிந்தைய வளைவு மெதுவாகவும் இருந்தால் அக்குளில் துணி குவியாது.

கைக்குழியின் உயரம் தாளில் ஆறரை அங்குலம். இன்றைய தளர்வுக்கு ஏழரை வேண்டும். ஒரு அங்குலத்துக்கு 9 வரிசை. ஆனால் என் பூவுக்கு 8 வரிசை, எனவே 8 கூட்டினேன்.

ஓட்டைப் பூ பின்னுபவர்களுக்கு மட்டும் ஒரு பொறி: நூலைச் சுற்றி உண்டாக்கும் ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்தில் இரண்டைச் சேர்த்துப் பின்னும் ஒரு குறைப்பு துணையாக இருக்கும். கைக்குழி வளைவில் அந்தத் துணை அடைபட்டுப் போனால், ஓட்டையை மட்டும் போடாதீர்கள். போட்டால் குறைத்த கண்ணி பின்வாசல் வழியாகத் திரும்பி வரும். துணை இல்லாத இடத்தில் சாதாரணமாகப் பின்னிவிடுங்கள். இரண்டு வரிசைக்கு ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

7. நீளமும் கழுத்தும்

நீளம் எளிது, ஆனால் ஒரு பொறி வைத்திருக்கிறது. தாளில் அக்குளிலிருந்து கீழே பன்னிரண்டரை அங்குலம். அதில் 4 அங்குலம் ரிப். நமக்கு வேண்டியது பதினைந்தரை, ரிப் 2 போதும். மூன்று அங்குலம் கூட்டினால் போதும் என்று தோன்றும். இல்லை, ரிப்பில் குறைத்த இரண்டையும் சேர்த்துப் பூப் பகுதியில் ஐந்து கூட்ட வேண்டும். 45 வரிசை. எட்டின் மடங்காக 48, அதாவது ஆறு பூ.

கழுத்து. பழைய தாளில் கழுத்தை ஒட்டிய ரிப், பின்பக்கம் மூன்று பொத்தானோடு ஒரு திறப்பு. திறப்பு வேண்டாம் என்று மகள் சொன்னாள்; நானும் திறப்பை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை அப்படியே விட இருந்தேன். அப்போதுதான் தலைச் சுற்று நினைவுக்கு வந்தது. 22 அங்குலத் தலை எந்த வழியாக நுழையும்? எனவே முன் கழுத்தை 3 அங்குல ஆழமாக்கினேன். 104 கண்ணியில் தோளுக்கு 30, கழுத்துக்கு 44, மறு தோளுக்கு 30. முன்பக்கம் நடுவில் 20 அடைத்து, இருபுறமும் 12 வீதம் குறைத்தால் அதே 44. கழுத்து ரிப்பை முடிக்கும்போது ஒரு எண் தடித்த ஊசியால் தளர்வாக அடைத்து, ஊக்கு குத்தி வைத்து, தலை போகிறதா என்று பார்த்துவிட்டு நூலை வெட்டுங்கள்.

8. கை

மேற்கைச் சுற்று பன்னிரண்டரை, தளர்வு ஒன்றரை, ஆக 14. கண்ணி 98. பூவுக்கும் பொருந்துகிறது. மணிக்கட்டில் 56 போட்டு, ரிப் முடிந்த பிறகு 6 வரிசைக்கு ஒருமுறை இருபக்கமும் கூட்டினால் 21 முறையில் 98 வந்துவிடும்.

கையின் தலைப்பகுதிதான் பலரும் பயப்படும் இடம். பழைய தாள்களில் தோளில் புசுபுசுவென்று நிற்கும் கொசுவம் இருக்கும். அதற்கென்று கூடுதல் உயரம். அதை எடுத்துவிட வேண்டும். கைத்தலையின் உயரத்தைக் கைக்குழி உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால் எனக்கு 5 அங்குலம், 45 வரிசை. உடம்பில் அடைத்த அதே 8 கண்ணியை இருபக்கமும் அடைத்தால் மிச்சம் 82. உச்சியில் 4 அங்குலம், 28 கண்ணி, நேராக அடைக்க வேண்டும். இடையில் பக்கத்துக்கு 27 குறைய வேண்டும்: ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் 18 முறை, பிறகு ஒவ்வொரு வரிசையிலும் 9 முறை. வரிசை 36-உம் 9-உம் சேர்ந்து 45.

பின்னுவதற்கு முன் இதை ஒரு வரைபடத் தாளில் கோடாகப் போட்டு, ஒரு நூலை ஓரத்தோடு ஒட்டி வைத்து அளந்து பாருங்கள். என் கைத்தலையின் ஓரம் ஏறக்குறைய 19 அங்குலம், முன்னும் பின்னும் சேர்ந்த கைக்குழி பதினெட்டரை. கைத்தலை சமமாகவோ ஒரு அங்குலத்துக்குள் கூடுதலாகவோ இருந்தால் உட்காரும். குறைவாக இருந்தால் இழுத்துத் தைப்போம், தோளில் சுருக்கம் விழும்.

9. நூல், செலவு, காலம்

நூலை இப்போதுதான் சொல்கிறேன், ஆனால் 4-ஆம் படிக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்தான் தருவார்கள். பழக, தப்புச் செய்து பார்க்க அது போதும். குளிருக்குக் கம்பளி கலந்த நூல் வேண்டும். பஞ்சாபின் லூதியானாவிலிருந்து கூரியரில் வரவழைக்கலாம். பந்தின் எடையோடு நீளத்தையும் பாருங்கள். நான் வாங்கிய 4 பிளை 100 கிராமுக்கு 400 மீட்டர்.

தாள் சொன்ன 227 கிராமை நம்பாதீர்கள். அகலம் 122-லிருந்து 146, ஏறக்குறைய 1.2 மடங்கு. நீளமும் 19-லிருந்து 23, அதுவும் 1.2 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 1.45. அப்படியானால் 330 கிராம். மாதிரித் துண்டுக்கும் பிழைக்கும் பத்து சதவீதம் சேர்த்தால் 360-க்கு மேல். 400 வாங்கினேன். எல்லாப் பந்திலும் சாய எண் (ஒரே தடவையில் சாயம் தோய்த்த நூலுக்கு இடும் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று கூரியரைப் பிரித்த அன்றே பாருங்கள். எனக்கு முதலில் வந்த எட்டில் இரண்டு வேறு எண். மின்விளக்கில் ஒன்றுபோலத் தெரிந்தது. முற்றத்து வெயிலில் கொண்டுபோனால் ஒன்று மாங்கொழுந்து, ஒன்று காய்ந்த வாழையிலை. திருப்பி அனுப்பி வாங்கப் பன்னிரண்டு நாள் போனது. கடைக்காரரின் பதில்: 'பின்னினால் தெரியாது மேடம்.' தெரியும்.

எனக்கு ஆன செலவு: 50 கிராம் பந்து 380 ரூபாய் வீதம் எட்டுக்கு 3,040, கூரியர் 150, ஊசி நான்கு அளவில் 860, பழக அக்ரிலிக் 90, நகல் 20. மொத்தம் 4,160. கடையில் இதைவிட மலிவாக ஸ்வெட்டர் கிடைக்கும். அந்தக் கணக்குப் பார்ப்பவர் இந்தக் கட்டுரையை இவ்வளவு தூரம் படித்திருக்க மாட்டார்.

காலம்: மொத்தக் கண்ணி எண்பதாயிரத்துக்கு மேல் வரும். ஓட்டைப் பூவில் என் கை நிமிடத்துக்கு இருபது கண்ணி போகும். ஏறக்குறைய 70 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் என்றால் பத்து வாரம். இதற்கு முன் அளவு, மாதிரித் துண்டு, கணக்குக்கு இரண்டு வாரம். விமான டிக்கெட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, குறைந்தது நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். மதியம் பின்ன வேண்டாம். வியர்வைக் கையில் நூல் ஊசியோடு ஒட்டிக் கண்ணி இறுகும். விடியற்காலையில் பின்னிய வரிசைகளும் மத்தியானம் பின்னியவையும் என் முதல் துண்டில் தனித்தனியாகத் தெரிந்தன.

10. தைத்து, நனைத்து, காயவைத்து

துண்டுகளைத் தைப்பதற்கு முன்பே நனைத்து, வேண்டிய அளவுக்குப் பாயில் விரித்து, துருப்பிடிக்காத குண்டூசியால் ஓரங்களைக் குத்திக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிடாதீர்கள், ஈரக் கம்பளி தன் எடையாலேயே நீண்டுவிடும். முதலில் தோள், பிறகு கைத்தலையின் நடுவைத் தோள் தையலோடு பொருத்திக் கை, கடைசியாக அக்குளிலிருந்து இருபக்கமும்.

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் டிசம்பர் வரை காய்வது பெரும்பாடு. நாள்கணக்கில் ஈரமாகக் கிடந்தால் கம்பளியில் நாற்றம் ஏறும். மின்விசிறிக்குக் கீழே விரித்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அடியில் இருக்கும் துண்டை மாற்றுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் இன்னும் நல்லது. நான் அக்கா வீட்டுக்குப் பாயோடு கொண்டுபோனேன். கணவாய்க் காற்றில் அரை நாளில் காய்ந்துவிட்டது. குண்டூசி மட்டும் நெருக்கமாகக் குத்துங்கள், இல்லாவிட்டால் காற்றாலை வரை ஓட வேண்டியிருக்கும்.

மிச்சம் வந்த நூலைத் தூக்கிப் போடாதீர்கள். எனக்கு மிஞ்சிய 40 கிராமைச் சிறு பந்தாகச் சுற்றி, சாய எண் சீட்டோடும் ஒரு தையல் ஊசியோடும் மகளின் பெட்டியில் வைத்து அனுப்பினேன். முழங்கைதான் முதலில் தேயும்.